பணம் மட்டும் போதாத ஒரு நோய்

மருத்துவ உதவி கோரும் அறிவித்தல்கள் இல்லாமல் தமிழ்ப் பத்திரிகைகள் வெளிவரும் வாரங்கள் மிகக் குறைவு. ஒரு புகைப்படம், வைத்திய நிபுணரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வங்கிக் கணக்கிலக்கம் என்பவற்றோடு வெளியாகும் அந்த அறிவித்தல்களுக்கு நமது வாசகர்கள் இயன்றவரை கைகொடுத்தே வந்துள்ளனர். 2016ஆம் ஆண்டில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கான் இயந்திரம் ஒன்றைப் பெற்றுக்கொடுப்பதற்காக கதீஜா பவுண்டேஷன் முன்னெடுத்த நிதி சேகரிப்பு, இன மத பேதமின்றி நாட்டு மக்கள் அனைவரையும் ஒன்றுசேர்த்து இருபது கோடி ரூபா என்ற இலக்கை எட்டியதை நாம் மறந்துவிட முடியாது. பணம் கொடுப்பதில் நமது மக்கள் பின்நிற்பவர்கள் அல்லர்.

ஆனால் பணம் மட்டும் போதாத நோய்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று எலும்பு மச்சை செயலிழந்துபோகும் அப்லாஸ்டிக் அனீமியா எனும் நோய். இந்த நோயாளி ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது முன்பின் அறியாதவர்களின் இரத்தம். பின்னர் தேவைப்படுவது தன்னோடு மரபு ஒத்த ஒருவரின் எலும்பு மச்சை. இவ்விரண்டையும் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் பெற்றுக்கொள்ள முடியாது. இந்த இரண்டு விடயங்களிலும் தமிழ்பேசும் மக்களாகிய நாம் எங்கே நிற்கின்றோம் என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய கேள்வியாகும்.

நோயின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்வது அவசியம். எலும்புகளின் உள்ளே இருக்கும் மச்சையே நமது உடலின் இரத்தத் தொழிற்சாலை. ஒட்சிசனைச் சுமந்து செல்லும் செங்குழியங்கள், கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெண்குழியங்கள், இரத்தப் பெருக்கைத் தடுக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஆகிய மூன்றும் அங்கேயே உற்பத்தியாகின்றன. அந்தத் தொழிற்சாலை மூடப்படும்போது மூன்றும் ஒருசேரக் குறைகின்றன. களைப்பும் வெளிறலும், அடிக்கடி வரும் காய்ச்சல், முரசிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு, அடிபடாமலே தோலில் தோன்றும் ஊதாநிறத் தழும்புகள் என்பன அதன் அறிகுறிகள்.

குருதிச் சிறுதட்டு என்பதைவிட பிளேட்லட் என்ற சொல்லே கொழும்பு வாசிகளுக்குக் கூடுதலாகப் பரிச்சயமானது. அதற்குக் காரணம் டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய பிளேட்லட் எண்ணிக்கை சரிந்து செல்வதை ஒவ்வொரு நாளும் அச்சத்தோடு பார்த்திருந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏராளம். டெங்கு நோயாளிக்குச் சில நாட்களில் அந்த எண்ணிக்கை தானாகவே ஏறத் தொடங்கிவிடும். எலும்பு மச்சை செயலிழந்தவருக்கோ அது ஏறுவதில்லை. 20 ஆயிரத்துக்கும் குறைந்த பிளேட்லட் எண்ணிக்கையோடு மாதக்கணக்கில் வாழவேண்டியிருக்கும். டெங்கு வந்த வீட்டார் ஒரு வாரம் அனுபவித்த பதற்றத்தை இவர்கள் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கின்றனர்.

ஜேர்மனிய மருத்துவ அறிஞர் போல் ஏர்லிக் 1888ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்த நோய் இது. கதிரியக்க ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட மேரி கியூரி அம்மையார் 1934ஆம் ஆண்டில் இந்நோயினாலேயே காலமானார். கதிர்வீச்சு, பென்சீன் போன்ற இரசாயனங்கள், சில மருந்துகள், சிலவகை ஈரல் அழற்சி ஆகியன காரணங்களாக இனங்காணப்பட்டுள்ளன. எனினும் பெரும்பாலான நோயாளிகளிடம் வெளிப்படையான காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. உடலைப் பாதுகாக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே திசைமாறி மச்சையைத் தாக்கி அழிக்கின்றது என்பதே இன்றைய மருத்துவத்தின் விளக்கம். மேலைநாடுகளில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் இருவர் அளவில் காணப்படும் இந்நோய், ஆசிய நாடுகளில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் கூறுகின்றன. பள்ளிப் பருவத்தினரையும் இளைஞர்களையும் ஒருபுறமும் அறுபது வயதைக் கடந்தவர்களை மறுபுறமும் இது கூடுதலாகத் தாக்குகின்றது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. இது புற்றுநோய் அன்று. தொற்றுநோயும் அன்று. ஆயினும் இரத்த நோய் என்ற சொல்லைக் கேட்டதுமே புற்றுநோய் என்று முடிவுகட்டி, பெண்பிள்ளையாயின் கலியாணப் பேச்சுக்குப் பாதகம் வரும் என்று அஞ்சி, அயலுக்குத் தெரியாமல் மறைக்கும் போக்கு நமது இரு சமூகங்களிலும் உண்டு. மறைப்பதால் இழக்கப்படுவது நாட்கள். மறுபுறத்தில், வெளிறிய முகத்தைக் கண்டதும் இரும்புச்சத்துக் குறைவு என்று கருதி மாத்திரைகளோடு மாதங்களைக் கடத்துவதும் நடக்கின்றது. சாதாரண முழுமையான இரத்தப் பரிசோதனை ஒன்றே மூவகைக் குழியங்களும் குறைந்திருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பின்னர் இடுப்பெலும்பிலிருந்து சிறிதளவு மச்சையை எடுத்துப் பரிசோதித்து நோயை உறுதிப்படுத்துவர்.

நோய் உறுதியானதும் வாழ்க்கை முறையே மாறிவிடுகின்றது. சனநெருக்கடியான இடங்களைத் தவிர்க்க வேண்டும். மென்மையான பல்தூரிகையையே பயன்படுத்த வேண்டும். அஸ்பிரின், இபுபுரொபன் போன்ற வலிநிவாரணிகளை வைத்தியரின் அனுமதியின்றித் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால் விடியும்வரை காத்திராமல் அந்த இரவிலேயே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வெண்குழியங்கள் அற்ற உடலில் கிருமித் தொற்று சில மணித்தியாலங்களில் உயிரைப் பறித்துவிடக் கூடியது. கொழும்பில் வசிப்பவருக்கு இது முச்சக்கரவண்டியில் செல்லும் தூரம். முல்லைத்தீவிலோ பொத்துவிலிலோ வசிப்பவருக்கு அப்படியன்று.

எனவேதான் வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டையோ கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதி அறையையோ நாடித் தங்குகின்றன. இதற்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேர், தலைநகரில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்பட்டவர்களுள் மருத்துவ சிகிச்சைக்காக வந்திருந்தோரும் அடங்குவர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைநிறுத்தியது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஒரு நோயாளிக்குத் தலைநகரில் தங்குவதற்கு நோயைவிடத் தகுந்த காரணம் வேறு என்ன இருக்க முடியும் என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்று எவரும் வெளியேற்றப்படுவதில்லை. ஆயினும் மாதக்கணக்கில் தலைநகரில் தங்குவதற்கான செலவே பல குடும்பங்களைச் சிகிச்சையின் நடுவழியில் ஊருக்குத் திருப்பிவிடக் கூடியது.

இனி இரத்தத்தின் கதைக்கு வருவோம். இந்நோயாளியை உயிரோடு வைத்திருப்பது மற்றவர்களின் இரத்தமே. செங்குழியங்களை ஏறத்தாழ ஆறு வாரங்கள்வரை குளிரூட்டியில் பாதுகாத்து வைக்கலாம். பிளேட்லட்டின் ஆயுளோ வழக்கமாக ஐந்து நாட்கள் மட்டுமே. ஆகவே இன்று சேமித்து வைத்து அடுத்த மாதம் கொடுக்க இயலாது. ஒவ்வொரு வாரமும் புதிதாக யாரோ ஒருவர் வந்து கொடுத்தாக வேண்டும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தபோது, சகல இனத்தவரும் இரத்தம் வழங்குவதற்கு வரிசையில் நின்றதை நாடே பார்த்தது. பேரனர்த்தம் ஒன்று நிகழும்போது நாம் அப்படித்தான் எழுந்து நிற்கின்றோம். ஆனால் எலும்பு மச்சை நோயாளிக்கு வேண்டியது பேரனர்த்த நாளின் இரத்தமன்று. எவரும் எதையும் நினைவுகூராத ஒரு செவ்வாய்க்கிழமையின் இரத்தம்.

இதில் பலர் அறியாத ஒரு நுணுக்கமும் உண்டு. வீட்டில் ஒருவருக்கு இரத்தம் தேவை என்றதும் உடன்பிறந்தவர்களே முதலில் கையை நீட்டுவர். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பழமொழி. ஆனால் பின்னர் மச்சை மாற்றுச் சிகிச்சை செய்யப்பட வாய்ப்புள்ள நோயாளிக்கு நெருங்கிய உறவினரின் இரத்தத்தை ஏற்றுவது தவிர்க்கப்பட வேண்டும் என்பதே மருத்துவ விதி. ஏற்றினால் நோயாளியின் உடல் அந்த உறவினரின் திசுவை முன்கூட்டியே எதிரியாக அடையாளம் கண்டுவிடும். பின்னர் அவரது மச்சையைப் பொருத்தும்போது அதனை நிராகரித்துவிடும் அபாயம் கூடுகின்றது. அதாவது, அண்ணனின் மச்சை வேண்டுமானால் அதுவரை தம்பி ஊராரின் இரத்தத்தில்தான் வாழவேண்டும். அண்ணன் செய்யக்கூடியது, தனது இரத்தத்தை வேறொரு வீட்டுப் பிள்ளைக்காக வங்கியில் வழங்குவதே.

இலங்கையின் தேசிய இரத்த மாற்றுச் சேவை 2014ஆம் ஆண்டிலிருந்து முழுக்க முழுக்கச் சுயவிருப்பக் கொடையாளர்களிலேயே தங்கியுள்ளது. பல அயல்நாடுகளில் இன்னமும் நிலவும், இரத்தம் பெறுவதற்குப் பதில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இங்கில்லை. இது நாடு பெருமைப்படத்தக்க சாதனை. இந்த இரத்தத்தின் பெரும்பகுதி விகாரைகளிலும் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் நடைபெறும் இரத்ததான முகாம்களில் திரட்டப்படுகின்றது. வெள்ளவத்தையில் படுத்திருக்கும் ஒரு தமிழ்ச் சிறுமியின் உடலில் ஓடுவது போயா தினத்தில் ஒரு சிங்கள இளைஞன் வழங்கிய இரத்தமாக இருக்கலாம். நமது கோவில் திருவிழாக்களிலும் தேவாலயத் திருநாட்களிலும் பள்ளிவாசல்களிலும் இரத்ததான முகாம்கள் நடைபெறாமல் இல்லை. ஆனால் அவை நாட்காட்டியில் முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஒழுங்கான கடமையாக மாறவேண்டும்.

இரத்தத்துக்கு இனம் இல்லை. ஆனால் எலும்பு மச்சைக்குப் பரம்பரை உண்டு. எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் பெற்றோரிடமிருந்து பாதிப் பாதியாகப் பிள்ளைக்கு வருகின்றன. எனவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. சகோதரர் மூவர் இருந்தால் ஒருவராவது பொருந்துவதற்கான வாய்ப்பு 58 வீதமாக உயர்கின்றது. இளவயது நோயாளிக்குப் பொருத்தமான உடன்பிறப்பின் மச்சை கிடைத்தால், தேர்ச்சிபெற்ற நிலையங்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கின்றனர். அரை நூற்றாண்டுக்கு முன்னர் கடுமையான நிலையிலிருந்த நோயாளிகளுள் பெரும்பாலானோர் ஓராண்டுக்குள் மரணத்தைத் தழுவினர் என்பதை நினைத்தால் இந்த முன்னேற்றத்தின் பெறுமதி விளங்கும்.

ஆனால் நமது உடன்பிறப்புகள் எங்கே? போர் பல வீடுகளில் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்தது. மூத்தவர் ரொறன்ரோவில், அடுத்தவர் பாரிஸில், தங்கை சூரிச்சில் என்பது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் இன்றைய நிலை. அவர்களுள் ஒருவரே பொருத்தமானவராக இருக்கலாம். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரால் நாடு திரும்ப இயலாது. நல்ல வேளையாக, திசு அடையாளத்தை அறிவதற்கு அவர் விமானம் ஏற வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறத்தை வருடி எடுக்கும் பஞ்சே போதும். மச்சையையும் அங்கேயே எடுத்துக் குளிர்பெட்டியில் அனுப்பிவைக்கும் ஏற்பாடுகள் உலகில் நடைமுறையில் உள்ளன.

உடன்பிறப்பு பொருந்தாதபோது நம்பிக்கை தருவது உலகளாவிய கொடையாளர் பதிவேடுகள். அவற்றில் 4 கோடிக்கும் அதிகமானோர் பதிந்துள்ளனர். ஆனால் அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அமெரிக்கப் பதிவேட்டின் மதிப்பீட்டின்படி, வெள்ளை இன நோயாளி ஒருவருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 79 வீதம். ஆசிய வம்சாவளியினருக்கு அது 47 வீதம் மட்டுமே. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டில் சென்னையைத் தளமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தாத்ரி அமைப்பு இந்த இடைவெளியை நிரப்ப முயன்று வருகின்றது. தமிழரோ முஸ்லிமோ பதிவு செய்யாத பட்டியலில் தமிழ் நோயாளிக்கோ முஸ்லிம் நோயாளிக்கோ பொருத்தம் தேடுவது, விதைக்காத வயலில் அறுவடைக்குப் போவதற்கு ஒப்பாகும். புலம்பெயர்ந்த நாடுகளில் பதிவேடுகள் நன்கு வளர்ந்துள்ளன. அங்குள்ள நமது இளைஞர்கள் அவற்றில் பெயர் பதிவது, ஊருக்குப் பணம் அனுப்புவதற்கு எவ்விதத்திலும் குறைந்த உதவியன்று.

பதிவதற்குத் தடையாக நிற்பது அச்சம். முதுகெலும்பைத் துளைப்பார்கள், கைகால் இயங்காமற் போய்விடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. மச்சை எடுக்கப்படுவது முள்ளந்தண்டிலிருந்து அன்று, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து. அதுவும் மயக்கமருந்து கொடுக்கப்பட்ட பின்னரே. சில நாட்கள் வலி இருக்கும். எடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். மார்க்க ரீதியான ஐயம் உள்ளவர்களுக்கும் தெளிவு உண்டு. 1988ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச பிக்ஹ் அகடமி, இரத்தம், தோல் போன்று உடலில் தாமாகவே மீள உருவாகக் கூடியவற்றை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வழங்குவதை உரிய நிபந்தனைகளோடு அனுமதித்துள்ளது. மச்சையும் மீள உருவாகும் தன்மை கொண்டதே. இதனை ஜும்ஆ உரைகளில் எடுத்துக்கூறும் பொறுப்பு உலமாக்களுக்கு உண்டு.

நமது இரு சமூகங்களிலும் வழக்கிலுள்ள நெருங்கிய உறவுமுறைத் திருமணமும் இங்கு நோக்கத்தக்கது. பன்கோனி அனீமியா எனப்படும் பரம்பரை மச்சைச் செயலிழப்பு, பெற்றோர் இருவரும் ஒரே குறைபாட்டைச் சுமக்கும்போது பிள்ளைக்கு ஏற்படுவது. சொந்தத்துக்குள் செய்யும் திருமணங்களில் அதற்கான வாய்ப்புக் கூடுகின்றது. சிறுவயதில் மச்சை செயலிழந்தால் இந்தப் பரிசோதனை அவசியம். மச்சை வழங்க முன்வரும் சகோதரனும் அதே குறைபாடு இல்லாதவன் என்பது உறுதிசெய்யப்பட வேண்டும். அதேவேளை, இத்தகைய குடும்பங்களில் உடன்பிறந்தோருக்கு அப்பாலும் பொருத்தமானவர் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே தேடலை ஒன்றுவிட்ட சகோதரர்கள், மாமன் மச்சான்மார்வரை விரிக்க வேண்டும்.

பொருத்தமானவர் கிடைக்காதோருக்கும் வயது கூடியோருக்கும் மருந்துச் சிகிச்சை உண்டு. மச்சையைத் தாக்கும் நோயெதிர்ப்புக் கலங்களை அடக்குவதற்கு ஏ.ரி.ஜி. எனும் ஊசிமருந்தும் சைக்குளோஸ்போரின் மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரிவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் செல்லும். ஏ.ரி.ஜி. குதிரையிலிருந்தோ முயலிலிருந்தோ பெறப்படும் மருந்து. அமெரிக்காவில் 120 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், குதிரை மருந்து பெற்றோரில் 68 வீதமானோர் ஆறு மாதத்தில் பலன் கண்டனர். முயல் மருந்து பெற்றோரில் அது 37 வீதம் மட்டுமே. ஒரே பெயரில் வரும் இரு மருந்துகளுக்கிடையே இத்தனை வேறுபாடு உண்டு. அண்மைக் காலத்தில் எல்ட்ரோம்போபாக் எனும் மாத்திரையும் இச்சிகிச்சையோடு சேர்க்கப்பட்டு வருகின்றது.

கொள்வனவு விடயத்தில் அரசாங்கத்தின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகின்றது. அரிய நோய்க்கான மருந்து என்பதால் இது எந்தப் பட்டியலிலும் கடைசியில் நிற்பது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே நாடு கையேந்த நேர்ந்தது. அதனைத் தொடர்ந்து தரமற்ற இம்யூனோகுளோபியுலின் ஊசிமருந்துக் கொள்வனவு விவகாரம் 2023இல் அம்பலமாகி, அக்காலத்தில் சுகாதார அமைச்சராகவிருந்த கெஹலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்படும் அளவுக்குச் சென்றது. உயிரியல் மருந்துகளின் கொள்வனவில் கவனயீனமோ ஊழலோ நுழைந்தால் அதன் விலையைச் செலுத்துபவர் நோயெதிர்ப்புச் சக்தி அற்ற நோயாளியே என்ற பாடத்தை அந்த விவகாரம் புகட்டியது.

மச்சை மாற்றுச் சிகிச்சைக்காக ஒருகாலத்தில் நமது நோயாளிகள், 1986ஆம் ஆண்டிலிருந்து இச்சிகிச்சையை வழங்கிவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இந்திய நிலையங்களையே நம்பியிருந்தனர். இன்று கொழும்பிலேயே அந்த வசதி தனியார் துறையிலும் அரச துறையிலும் உருவாகியுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் சிகிச்சைக்குப் பின்னர் ஏறத்தாழ நூறு நாட்கள் வைத்தியசாலைக்கு அண்மையில் தூய்மையான இடத்தில் தங்கியிருக்க வேண்டும். அந்த நூறு நாட்களுக்கு ஏழை நோயாளி எங்கே போவார் என்பதையும் திட்டமிடுவோர் சிந்திக்க வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாயிடம், காய்ச்சல் வந்தால் உடனே வா என்ற ஒரு வசனம் அவரது மொழியில் சொல்லப்படாமற் போனால், அத்தனை செலவில் செய்த சிகிச்சையும் வீணாகிவிடக்கூடும். மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைகளோடு முடிந்துவிடும் விடயமன்று.

ஆகவே சுகாதார அமைச்சு செய்ய வேண்டியவை தெளிவானவை. தரமான ஏ.ரி.ஜி., சைக்குளோஸ்போரின் ஆகியவற்றின் கையிருப்பை இடையறாது பேணுவது, குடும்பத்தினருக்கான திசுப் பொருத்தப் பரிசோதனையைத் தாமதமின்றி வழங்குவது, நோயாளர் கையேடுகளை இரு மொழிகளிலும் கொடுப்பது, தூரத்து நோயாளர்களுக்குத் தங்குமிடம் ஒழுங்கு செய்வது என்பன அவை. நமது சமூகங்கள் செய்ய வேண்டியவையும் அதேயளவு தெளிவானவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோவில், தேவாலயம், பள்ளிவாசல் மண்டபங்கள் பல உள்ளன. அவை ஆண்டுக்கு ஒருநாள் என்றில்லாமல் முறைவைத்து இரத்ததானத்துக்குத் திறக்கப்படட்டும். சில அறைகளாவது நோயாளர் குடும்பங்களுக்காக ஒதுக்கப்படட்டும். இளைஞர்கள் மச்சைக் கொடையாளர்களாகப் பதியட்டும்.

இறந்தபின் கண்களை வழங்கும் பழக்கம் இந்நாட்டில் தானாக வேரூன்றவில்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டில் கண்தான சங்கத்தை நிறுவி ஊர் ஊராக மக்களிடம் எடுத்துக்கூறியதன் விளைவே இன்று பல நாடுகளில் பார்வை பெற்றிருப்போர். இறந்தபின் கண்ணைக் கொடுக்கத் துணிந்த நாட்டில், உயிரோடிருக்கும்போது மீண்டும் ஊறிவிடும் மச்சையைக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. அடுத்த முறை பத்திரிகையில் இந்நோயின் பெயரோடு ஓர் அறிவித்தலைக் காணும் வாசகர், அதிலுள்ள வங்கிக் கணக்கிலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாமல், அண்மையிலுள்ள இரத்த வங்கிக்குக் கடைசியாகப் போனது எப்போது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.